உதரவிதானத்தை மடித்துத் தைப்பது: துளை வழியாகவா, நெஞ்சைத் திறந்தா?

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பிறக்கும்போது 3.9 கிலோ. தோள் மாட்டிக்கொண்டதால் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிறந்ததிலிருந்தே வலது கையைத் தூக்கமாட்டான். பிசியோதெரபிக்குப் பிறகு இப்போது முழங்கையை மடக்குகிறான். இரண்டு முறை நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் முறை ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது எடை 5.1 கிலோதான். பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்க்கிறது. பக்கத்து வீட்டில் "பிரைமரி காம்ப்ளெக்ஸாக இருக்கும்" என்றார்கள். மதுரையில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்துவிட்டு, வலப்பக்க உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) மேலே ஏறியிருக்கிறது, மூச்சை இழுக்கும்போது எதிர்த்திசையில் போகிறது, தோராக்கோஸ்கோப்பி மூலம், அதாவது நெஞ்சில் சிறு துளைகள் போட்டு, மடித்துத் தைக்க வேண்டும் என்கிறார். இரண்டு மாதம் முன்பு எடுத்த ஸ்கேனிலும் இதையேதான் சொன்னார்கள். கை தேறுவதுபோல் இதுவும் தானாகத் தேறாதா? கொழுந்தனார் இணையத்தில் படித்துவிட்டு, "உதரவிதானத்தில் ஓட்டை, ஆபத்தானது, வெளிநாட்டில் கருவிலேயே பலூன் வைக்கிறார்கள்" என்று பயமுறுத்துகிறார். மாமியார், "துளை போட்டால் என்ன தெரியும், திறந்து பார்த்துச் செய்வதுதான் நல்லது" என்கிறார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், ஆவணியில்தான் விடுப்பு. அதுவரை தள்ளலாமா?
– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கொழுந்தனாரின் ஓட்டையை அடைத்துவிடுகிறேன். அவர் படித்தது பிறவி உதரவிதான ஹெர்னியாவைப் பற்றி. கரு வளரும்போது எட்டாவது வாரத்தை ஒட்டி மூடிக்கொள்ள வேண்டிய ஒரு வழி, முதுகுப்புறமாக மூடாமல் நின்றுவிடும். 1848இல் இதை விவரித்த பிராகு நகர உடற்கூறியலாளர் போக்டலெக்கின் பெயரிலேயே இன்றும் அந்த ஓட்டையை அழைக்கிறோம். ஏறத்தாழ 2,500 முதல் 3,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது; ஐந்தில் நான்கு பேருக்கு இடப்பக்கம். குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவதால் நுரையீரல் வளர இடமில்லாமல் போகிறது. அந்தக் குழந்தைகளின் உயிருக்கு உலைவைப்பது ஓட்டையைவிட, வளராத நுரையீரலும் அதன் ரத்தக் குழாய்களில் ஏறிக்கிடக்கும் அழுத்தமும்தான். இது புரியாத காலத்தில் பிறந்த உடனேயே அறுவை அரங்குக்கு ஓடினார்கள். இப்போது குழந்தையின் மூச்சும் ரத்த ஓட்டமும் ஒரு நிலைக்கு வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்துதான் தைக்கிறோம்.

பலூனும் உண்மைதான். மிகக் கடுமையான இடப்பக்க ஹெர்னியா உள்ள கருவின் மூச்சுக்குழாயில் 27 முதல் 29 வாரத்துக்குள் பலூன் வைத்து, 34ஆம் வாரத்தில் எடுத்தார்கள். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பலூன் வைத்தவர்களில் 40 விழுக்காடும் வைக்காதவர்களில் 15 விழுக்காடும் பிழைத்து வீடு திரும்பினார்கள். பெரிய செய்தி அது. ஆனால் உங்கள் மகனுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவனுடைய உதரவிதானம் முழுதாக இருக்கிறது. அதை இயக்கும் நரம்புதான் வேலை செய்யவில்லை.

அந்த நரம்புக்கு ஃபிரெனிக் நரம்பு என்று பெயர். கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் வேர்களிலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் இறங்கி உதரவிதானத்தை அடைகிறது. தோளையும் முழங்கையையும் அசைக்கும் நரம்புகள் 5, 6ஆம் வேர்களிலிருந்து வருகின்றன. பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டு கழுத்து இழுபடும்போது இரண்டும் சேர்ந்தே நசுங்கலாம். பிறக்கும்போது ஏற்படும் ஃபிரெனிக் காயங்களில் பெரும்பாலானவை கை பலவீனத்தோடுதான் வருகின்றன, அதிகமும் வலப்பக்கத்தில். ஆகவே உங்கள் கடிதத்தின் முதல் நான்கு வரியிலேயே நோய் தெரிந்துவிடுகிறது. கை தூக்காத பச்சிளம் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் உதரவிதானத்தைப் பார் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனாலும் பரபரப்பான வார்டில் கையை ஒருவரும் சளியை இன்னொருவருமாகப் பார்த்தால் இந்த முடிச்சு அவிழ மாதங்கள் ஆகிவிடுகின்றன.

வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்க உதரவிதானம் செயலிழந்தால் பலருக்கு அது தெரிவதுகூட இல்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் கண்டுபிடிப்பார்கள். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. விலா எலும்புகள் கிடைமட்டமாக இருக்கின்றன, அவற்றுக்கிடையே உள்ள தசைகளுக்கு வலு போதாது, மூச்சுக்கு அது பெரும்பாலும் உதரவிதானத்தையே நம்பியிருக்கிறது. உங்கள் மகன் மூச்சை இழுக்கும்போது இடப்பக்கம் கீழே இறங்குகிறது. உயிரற்ற வலப்பக்கமோ மேலே உறிஞ்சப்படுகிறது. ஸ்கேனில் பார்த்த எதிர்த்திசை இயக்கம் இதுதான். நெஞ்சின் நடுவிலுள்ள இதயமும் பெருங்குழாய்களும் அந்த வயதில் எளிதில் நகரக்கூடியவை; ஒவ்வொரு மூச்சுக்கும் அவை இடப்பக்கம் சாய்ந்து நல்ல நுரையீரலின் இடத்தையும் பறிக்கின்றன. உழைப்பு இரட்டிப்பு, கிடைக்கும் காற்று பாதி. குடித்த பாலின் சத்தெல்லாம் மூச்சுவிடவே செலவாகிவிடுகிறது. பிறந்த எடை ஐந்து மாத அளவில் இரட்டிப்பாக வேண்டும்; உங்கள் மகன் 1.2 கிலோதான் ஏறியிருக்கிறான்.

வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதி நசுங்கிக் கிடப்பதால் சளி வெளியேறாமல் தேங்கி நிமோனியா வருகிறது. இன்னொன்றும் உண்டு: மேலேறிய கல்லீரலின் நிழலே எக்ஸ்ரேயில் நிமோனியா போலத் தெரியக்கூடும். பக்கத்து வீட்டார் சொன்ன பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய் பற்றி: எடை ஏறாத, அடிக்கடி இருமும் குழந்தை எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். காசநோயாளி யாராவது வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், உரிய பரிசோதனை செய்வார்கள். இல்லையென்றால், கண்ணெதிரே ஒரு காரணம் இருக்கும்போது குழந்தைக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியதில்லை.

இனி, காத்திருக்கலாமா என்பது. நசுங்கிய நரம்பு தானாகத் தேறுவது உண்டு. அதனால்தான் பிறந்தவுடன் யாரும் கத்தியை எடுப்பதில்லை. குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, சளித் தொந்தரவின்றி இருந்தால் எக்ஸ்ரேயில் உதரவிதானம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நான் தொடமாட்டேன். சொல்லப்போனால் பெரும்பாலானோருக்கு வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று உயரமாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேக்கு அறுவை சிகிச்சை செய்வதில்லை, குழந்தைக்குத்தான் செய்கிறோம். மறுபுறம், வென்டிலேட்டரிலிருந்து எடுக்கவே முடியாத குழந்தைக்குச் சில வாரங்களிலேயே செய்துவிட வேண்டியிருக்கும். உங்கள் மகன் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்து மாதம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேன்களிலும் மாற்றமில்லை. இரண்டு முறை மருத்துவமனை, ஒரு முறை ஆக்சிஜன். எடை போதிய அளவு ஏறவில்லை. கை தேறுவது நல்ல அறிகுறிதான். ஆனால் அதற்கும் இதற்கும் பொதுவானது ஒரே ஒரு வேர். கையை வைத்து உதரவிதானத்துக்கு ஜாதகம் பார்க்க முடியாது. மதுரை நிபுணர் சொன்னது சரியான நேரத்தில் சொன்ன சரியான யோசனை என்றே, நீங்கள் எழுதியதை வைத்து, நினைக்கிறேன். குழந்தையை நேரில் பார்த்தவர் அவர். நான் பார்த்தது கடிதத்தை மட்டும்.

இந்த அறுவை சிகிச்சை நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் ஏமாற்றம் வேண்டாம். சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல், தொய்ந்து மேலேறிய உதரவிதானத்தை மடிப்பு மடிப்பாக எடுத்து, கரையாத நூலால் தைத்து, இறுக்கமாகவும் தாழ்வாகவும் ஆக்குகிறோம். அதன்பின் அது மேலே உறிஞ்சப்படாது. வலப்பக்க நுரையீரலுக்கு இடம் கிடைக்கும், நடுப்பகுதி சாயாமல் நிற்கும், இடப்பக்கம் தன் முழு வேலையைச் செய்யும். பிற்காலத்தில் நரம்பு தேறினாலும் இந்தத் தையல் அதற்கு முட்டுக்கட்டையாக இருப்பதில்லை.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அது அசட்டுக் கேள்வி இல்லை; அறுவை சிகிச்சை நிபுணர்கள் மாநாடுகளில் இன்றும் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்விதான். தோராக்கோஸ்கோப்பியில் குழந்தையை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு துளையில் கேமராவையும் வேறு இரண்டு துளைகளில் கருவிகளையும் செலுத்துவார்கள். கருவிகள் 3 மில்லிமீட்டர் தடிமன், கேமரா அதிகம் போனால் 5. கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெதுவாக உள்ளே விட்டு நுரையீரலை ஒதுக்குவார்கள். பெரியவர்களின் வயிற்றில் 12 முதல் 15 வரை ஏற்றும் அழுத்தம், இங்கே 4 முதல் 6 மில்லிமீட்டர் பாதரசத்தோடு நின்றுவிடும். திரையில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. "துளை போட்டால் என்ன தெரியும்" என்றால், திறந்து பார்ப்பதைவிடத் தெளிவாகவே தெரியும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். ஓட்டை பற்றிய கொழுந்தனாரின் சந்தேகமும் அங்கேதான் முழுமையாகத் தீரும். மெல்லிய சவ்வால் மூடிய ஹெர்னியாவையும் நரம்பு செயலிழந்த உதரவிதானத்தையும் ஸ்கேனில் பிரித்தறிய முடியாமல் போவது அபூர்வமாக உண்டு. உள்ளே பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆனால் மாமியார் வேறொரு விதத்தில் சரி. வெளியே துளை சிறியது என்பதால் உள்ளே நடப்பது சிறிய அறுவை சிகிச்சை ஆகிவிடாது. விரலால் தொட்டுப் பார்க்க முடியாது. எலுமிச்சை அளவு இடத்தில் நீளக் கருவியால் முடிச்சுப் போட வேண்டும். ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் வலப்பக்கம் அடியில் இருப்பது கல்லீரல், இடப்பக்கமானால் குடலும் மண்ணீரலும். இதைவிட முக்கியமானது அந்த வாயு. அது ரத்தத்தில் கலக்கிறது, ஒதுக்கப்பட்ட நுரையீரலால் அதை வெளியேற்ற முடிவதில்லை, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழு 2013இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உதரவிதான ஹெர்னியாவுக்குத் துளை வழியாகச் செய்த பச்சிளம் குழந்தைகளுக்கு, திறந்து செய்தவர்களைவிட இந்தக் கோளாறு கடுமையாக இருந்தது. ஹெர்னியாவில் துளை முறைக்குப் பிறகு ஓட்டை மீண்டும் திறந்துகொள்வதும் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் பிறந்து சில நாளே ஆன, நுரையீரல் அழுத்தம் அடங்காத ஹெர்னியாக் குழந்தைக்கு நான் துளை முறையைப் பரிந்துரைப்பதில்லை. நிலையாக உள்ள, ஓட்டை சிறிதாக உள்ள குழந்தைக்கு, கைதேர்ந்த குழு இருந்தால், செய்யலாம்.

உங்கள் மகன் ஐந்து மாதக் குழந்தை. நுரையீரல் நசுங்கியிருக்கிறதே தவிர வளராமல் போகவில்லை. வாயுவின் தொல்லை அவனுக்கும் உண்டு, ஆனால் அனுபவமுள்ள மயக்க மருத்துவர் சமாளிக்கக்கூடிய அளவுதான். அவன் விஷயத்தில் துளை முறைக்கு ஆதரவாக இன்னொரு காரணம் இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் யாரும் யோசித்திருக்கமாட்டீர்கள். திறந்து செய்யும்போது முதுகிலிருந்து விலா வரை தசையை வெட்டியோ ஒதுக்கியோ விலா எலும்புகளை விரிக்க வேண்டும். சிறு வயதில் அப்படித் திறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வளர வளரத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொள்வதும், விலாக்கள் ஒட்டிக்கொள்வதும், முதுகுத்தண்டு ஒரு பக்கம் வளைவதும் பதிவாகியிருக்கின்றன. உங்கள் மகனுக்கோ அதே வலது தோள் ஏற்கெனவே பலவீனம். மெல்ல மெல்லத் தேறிவரும் தோளைச் சுற்றியுள்ள தசைகளை வெட்டாமல் காரியம் முடியுமானால் அதுதான் நல்லது. இதே காரணத்தால், படுக்கவைக்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டாம் என்று நீங்களே ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது, "துளையா, திறப்பா" என்பதைவிட இவைதான்: இந்த வயதுக் குழந்தைகளுக்கு நெஞ்சில் தோராக்கோஸ்கோப்பி செய்த அனுபவம் நிபுணருக்கு எவ்வளவு? கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதே தொழிலாக உள்ள மயக்க மருத்துவர் இருக்கிறாரா? முடிந்ததும் தேவைப்பட்டால் வென்டிலேட்டரில் வைக்கக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? நடுவில் ஆக்சிஜன் இறங்கினால் தயங்காமல் திறந்துவிடுவார்களா? கடைசிக் கேள்விக்கு "எங்களுக்கு அந்த நிலையே வராது" என்று பதில் சொல்பவரிடம் நான் என் குழந்தையை ஒப்படைக்கமாட்டேன். இவற்றுக்கெல்லாம் திருப்தியான பதில் மதுரையிலேயே கிடைத்தால் சென்னைக்கு அலைய வேண்டாம். செலவு கவலையாக இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேட்டு, அனுமதி வாங்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் ஒன்றிரண்டு மணி நேர வேலை. நெஞ்சில் ஒரு குழாய் ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கலாம். பெரும்பாலும் மறுநாளே பால் கொடுக்கச் சொல்வார்கள், சில நாளில் வீடு. தையல் தளர்ந்து உதரவிதானம் மீண்டும் ஏறுவது நடக்காத காரியமில்லை. அதற்காகத்தான் பிறகும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. மூச்சு சீராவது உடனே தெரியும். எடை ஏறச் சில வாரம் பிடிக்கும், தினமும் தராசில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அதுவரை வீட்டில்: பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் கண்ணெதிரே சற்று நேரம் வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் நல்ல பக்கம் தாராளமாக வேலை செய்யும். வலது கை உடம்புக்கு அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும். குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவதை இந்தக் குழந்தைக்கு அடியோடு நிறுத்துங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும், சளி எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவதும், கையைப் பிடித்து உதறிச் சுளுக்கு எடுப்பதும் கூடவே கூடாது. குளிப்பாட்ட வரும் பாட்டி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி எதையும் தவறவிடாதீர்கள். நியூமோகாக்கல் ஊசி அரசு அட்டவணையிலேயே 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என இருக்கிறது. முதல் இரண்டும் போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஃபுளு ஊசி பற்றிக் கேளுங்கள்.

தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். இந்த வயதில் 50ஐத் தொட்டாலே வேகம் என்று கணக்கு. அவனுடைய வழக்கமான எண்ணிக்கை என்னவென்று நிபுணரிடம் சொல்லி, எதைத் தாண்டினால் வர வேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பாலே குடிக்காமல் சோர்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் சளி பிடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்க மருத்துவர் சில வாரம் தள்ளிவைப்பார், அது குழந்தையின் நன்மைக்கே. தாய்ப்பாலானால் மயக்கத்துக்கு 4 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், புட்டிப்பாலானால் 6 மணி நேரம்.

உங்கள் கணவரின் விடுப்பு. சளிக்காகத் தள்ளலாம், படுக்கை கிடைக்காமல் தள்ளலாம், ஆவணிக்காகத் தள்ளாதீர்கள். இன்னொரு நிமோனியா வந்தால் இப்போதிருக்கும் தெம்பும் போய்விடும். தந்தை வந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: ஒப்புதல் படிவத்தில் தாயின் கையெழுத்தே போதும். நிபுணரைச் சந்திக்கும் நாளில் கணவரை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் கேட்க நினைப்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். போகும்போது பிறந்த இடத்து டிஸ்சார்ஜ் குறிப்பு, இரண்டு நிமோனியாவின்போதும் எடுத்த எக்ஸ்ரேக்கள், இரண்டு ஸ்கேன் அறிக்கைகள், எடை குறித்த தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள்.